முற்றுகை நகரங்களின் வெள்ளிக் காசுகள்

நுழையும் முன்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் வைத்து எண்ணும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. ‘அவர் நாணயமானவர்’ என்று ஒரு வணிகரைப் பற்றிப் பெரியோர் கூறும்போது இரண்டாம் பொருளே கொள்ளப்படுகிறது. இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று தோன்றலாம். ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவில் பகைவர் படையால் சூழப்பட்ட சில நகரங்களின் கதையைப் படிப்போர்க்கு அவ்வாறு தோன்றாது.

பாடம்

காசு என்றவுடன் வட்ட வடிவமே நினைவுக்கு வரும். ஒரு பக்கத்தில் அரசனின் தலையோ அரசின் சின்னமோ இருக்கும். மறுபக்கத்தில் எழுத்தும் உருவமும் இருக்கும். நெதர்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரில் 1572, 1573 ஆகிய ஆண்டுகளைப் பொறித்து வெளியிடப்பட்ட வெள்ளிக் காசுகள் இந்த இலக்கணத்துக்கு அடங்காதவை. அவை வட்டமானவை அல்ல. சாய்சதுரமாகவும் ஒழுங்கற்ற நாற்கோணமாகவும் நறுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் நகரின் சின்னம் காணப்படும்: நிமிர்ந்து நிற்கும் வாள், அதன் இருமருங்கிலும் விண்மீன்கள் நான்கு, மேலே ஒரு சிலுவை. அதனுடன் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அரசனின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம், அரசனின் பெயர் இல்லாத காசை ஏன் வெளியிட்டது?

பதினாறாம் நூற்றாண்டில் இன்றைய நெதர்லாந்தும் பெல்ஜியமும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளும் பதினேழு மாநிலங்களாக இருந்தன. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அவற்றின் தலைவராகவும் விளங்கினார். மன்னர் இருந்ததோ தொலைவில். மாநிலங்களின் பழைய உரிமைகளைக் குறைத்தல், கத்தோலிக்க சமயத்தினின்று விலகியோரைத் தண்டித்தல், வரிகளைக் கூட்டுதல் ஆகிய மூன்றும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. 1566 ஏப்ரல் 5 அன்று பிரபுக்கள் பலர் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடி, மன்னரின் சார்பில் ஆட்சி புரிந்த பார்மா கோமகள் மார்கரெட்டிடம் விண்ணப்பம் ஒன்றை அளித்தனர். அவர் சற்றே கலங்கினார் என்றும், அருகில் இருந்த அமைச்சர் ஒருவர் இந்தப் பிச்சைக்காரர்களுக்கா அஞ்சுவது என்று ஏளனமாகக் கூறினார் என்றும் சொல்வர். அந்த ஏளனச் சொல்லையே விண்ணப்பித்தோர் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். பிச்சைப்பையைச் சின்னமாக அணிந்தனர்.

அவ்வாண்டே அவர்கள் கழுத்தில் அணிவதற்கென்று பதக்கம் ஒன்று உருவாயிற்று. அதன் முன்பக்கத்தில் பிலிப் மன்னரின் முகமும், அனைத்திலும் மன்னருக்கு உண்மையானவர்கள் என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரும் இருந்தன. பின்பக்கத்தில் ஒன்றையொன்று பற்றிய இரு கைகளும் பிச்சைப்பையும் பொறிக்கப்பட்டிருந்தன. பிச்சைப்பை சுமக்க நேர்ந்தாலும் என்று தொடர் முடிந்தது. மன்னரின் ஆட்சியை எதிர்த்து நின்றோரின் கழுத்தில் மன்னரின் முகமே தொங்கியது என்பதை மனத்திற்கொள்ளுக. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த முகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே இப்பாடம்.

1567ஆம் ஆண்டு ஆல்பா கோமகன் பெரும்படையுடன் வந்து சேர்ந்தார். அவர் அமைத்த விசாரணை மன்றத்தின் தீர்ப்பால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதனினும் வணிகரை அதிகமாக அச்சுறுத்தியது அவர் அறிவித்த புதிய வரி. விற்கப்படும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் பத்தில் ஒரு பங்கை வரியாகச் செலுத்த வேண்டும் என்றது அது. கம்பளி ஒன்று நெய்பவரிடமிருந்து சாயமிடுபவருக்கும், அவரிடமிருந்து வணிகருக்கும், வணிகரிடமிருந்து வாங்குபவருக்கும் கைமாறினால் ஒவ்வொரு முறையும் வரி கட்ட வேண்டும். வணிகத்தால் வாழும் நாடு இதனை எவ்வாறு தாங்கும்? 1572 ஏப்ரல் 1 அன்று ‘கடற்பிச்சைக்காரர்’ எனப்பட்ட கிளர்ச்சியாளர் பிரில் என்னும் சிறு துறைமுகத்தைக் கைப்பற்றினர். நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் பக்கம் சேர்ந்தன. ஹார்லெமும் சேர்ந்தது.

ஆல்பாவின் மகன் தலைமையில் ஸ்பானியப் படை வடக்கே வந்தது. அது 1572 டிசம்பர் தொடக்கத்தில் நார்டன் என்னும் ஊருக்குள் நுழைந்து ஊர்மக்களை வெட்டி வீழ்த்தியது. சில நாள்களில் ஹார்லெமைச் சூழ்ந்தது. முற்றுதல் என்றால் சூழ்தல். அதிலிருந்து பிறந்ததே முற்றுகை என்னும் சொல். மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் தமிழ்ப் புறப்பொருள் நூல்கள் பெயரிட்டு வேறுபடுத்தும். ஹார்லெம் மக்கள் ஏழு மாதங்கள் நொச்சிப் போர் புரிந்தனர். குளிர்காலத்தில் அருகிருந்த பெரிய ஏரி உறைந்தபோது பனிச்சறுக்கு வண்டிகளில் உணவும் வெடிமருந்தும் நகருக்குள் வந்தன. வேனிலில் பனி உருகி ஸ்பானியக் கப்பல்கள் ஏரியைப் பிடித்த பின்னர் அந்த வழியும் அடைபட்டது.

முற்றுகையில் முதலில் தீர்வது உணவு என்றே பலரும் எண்ணுவர். காசும் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து பணம் வருவது நின்றுவிடும். உள்ளே இருப்பவர் தம்மிடம் உள்ள நல்ல காசுகளை ஒளித்து வைப்பர். மதில்மேல் நின்ற வீரர்களில் உள்ளூரார் மட்டும் இருக்கவில்லை. ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்காட்லாந்தினர் முதலிய கூலிப்படையினர் பலர் இருந்தனர். அவர்களுக்கு உரிய காலத்தில் ஊதியம் தர வேண்டும். தவறினால் காவல் குலையும். ஆகவே நகர மன்றம் மக்களிடமிருந்த வெள்ளிப் பாத்திரங்களைத் திரட்டியது. விருந்துக்கு எடுக்கும் கிண்ணங்களும் கரண்டிகளும் பொற்கொல்லர்களின் உலைக்குச் சென்றன.

காசு அச்சிடும் கூடத்தைப் பழந்தமிழர் அக்கசாலை என்றனர். சென்னையிலுள்ள தங்கசாலைத் தெரு அத்தகைய கூடம் ஒன்றால் பெயர் பெற்றதே. ஹாலந்து மாநிலத்தின் அக்கசாலை டோர்ட்ரெக்ட் நகரில் இருந்தது, ஹார்லெமில் இல்லை. காசு அடிக்கும் உரிமை ஆள்பவருக்கே உரியது. எனவே ஹார்லெமின் பொற்கொல்லர்கள் இருந்த கருவிகளைக் கொண்டே வேலையை முடித்தனர். வெள்ளியைத் தகடாகத் தட்டிக் கத்தரியால் நறுக்கி, எடை பார்த்து, நகரச் சின்னம் செதுக்கிய அச்சை மேலே வைத்துச் சுத்தியலால் அடித்தனர். வட்டமாக வெட்டினால் நறுக்குத்துண்டுகள் மிஞ்சும். அவற்றை மீண்டும் உருக்க வேண்டும். நேரமும் விறகும் வீணாகும். நாற்கோணமாக நறுக்கினால் தகடு முழுவதும் பயன்படும். காசு அழகற்றுப் போனதற்குக் காரணம் கைத்திறன் குறைவன்று; அவசரம்.

இத்தகைய காசுகளின் மதிப்பு பெரும்பாலும் அவற்றிலுள்ள வெள்ளியின் விலையைவிடக் கூடுதலாகவே விதிக்கப்பட்டது. எஞ்சிய மதிப்பு எங்கிருந்து வந்தது? முற்றுகை நீங்கியதும் நல்ல பணம் தருவோம் என்னும் நகர மன்றத்தின் வாக்குறுதியிலிருந்து வந்தது. கூலிவீரன் அதை வாங்கி ரொட்டிக் கடையில் நீட்டினான். கடைக்காரர் அதை ஏற்றுக்கொண்டார். நகரம் வீழ்ந்தால் வாக்குறுதியும் வீழும் என்பதை இருவரும் அறிவர். காசு என்னும் பொருளும் நேர்மை என்னும் பொருளும் ஒன்றாக நின்ற இடம் இதுவே.

ஹார்லெம் வீழ்ந்தது. 1573 ஜூலை 13 அன்று பசியால் நலிந்த நகரம் சரணடைந்தது. காவற்படையினரில் ஜெர்மானியர் நீங்கலாகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். கொள்ளையைத் தவிர்க்க நகர மக்கள் 2,40,000 கில்டர் தண்டப்பணம் செலுத்த உடன்பட வேண்டியதாயிற்று. கரண்டிகளை முன்பே உருக்கியவர்கள் அவர்கள்!

இதன்பின் நடந்தது வியப்புக்குரியது. வென்ற ஸ்பானிய வீரர்களே ஊதியம் வரவில்லை என்று கலகம் செய்தனர். தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி பெற்றவர் பிலிப் மன்னர். உலகில் அவரைப்போல் வெள்ளி உடைய அரசர் அன்று ஐரோப்பாவில் வேறொருவர் இலர். ஆயினும் பல போர்களின் செலவு வரவை விழுங்கியது. 1575ஆம் ஆண்டு அவர் கடன்காரர்களுக்குப் பணம் தருவதை நிறுத்தினார். மறு ஆண்டு நவம்பரில் ஊதியம் பெறாத அவருடைய படையினரே ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். மலையளவு வெள்ளி இருந்தவரின் வாக்கு தவறியது. கிண்ணத்தை உருக்கிய நகரங்கள் தம் வாக்கைக் காக்கப் போராடின.

முற்றுகைக் காசுகளைக் கிளர்ச்சியாளர் மட்டுமே வெளியிட்டனர் என்று கருதுதல் பிழை. மிடில்பர்க் நகரம் மன்னரின் பக்கம் நின்றது. ஆகவே அதனை முற்றுகையிட்டவர்கள் கிளர்ச்சியாளர்களே. மோந்திராகோன் என்னும் தளபதி அந்நகரை நெடுங்காலம் காத்து, உணவு முற்றிலும் தீர்ந்த பின்னரே 1574 பிப்ரவரியில் ஒப்படைத்தார். அங்கும் வெள்ளியை நாற்கோணமாக நறுக்கிக் காசு அடித்தனர். கடவுளுக்கும் மன்னருக்கும் தாய்நாட்டுக்கும் உண்மையான மிடில்பர்க் என்னும் கருத்துள்ள இலத்தீன் தொடர் அதில் உள்ளது.

அதே 1574ஆம் ஆண்டு லெய்டன் நகரம் வெளியிட்ட காசு ஒன்றில், தாய்நாட்டுக்காகப் போரிடுகிறேன் என்னும் பொருளில் ஓர் இலத்தீன் தொடர் காணப்படுகிறது. இரண்டு காசுகளையும் அருகருகே வைத்து நோக்குக. தாய்நாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் அது மன்னரின் அருகில் நிற்கிறது. மற்றொன்றில் மன்னர் இல்லை. மிடில்பர்க் மதிலுக்குள் பசியோடு இருந்தவர்களும் தம்மை நாட்டுப்பற்று உடையவர்களாகவே கருதினர். வென்றவர்கள் எழுதும் வரலாற்று நூல்களில் இதனை எளிதில் காண இயலாது. தோற்றவர் அடித்த காசில் காணலாம்.

லெய்டன் நகரின் காசுகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அங்கு முதலில் வெளியிடப்பட்டவை வெள்ளியால் ஆனவை அல்ல, தாளால் ஆனவை. தேவாலய நூல்களின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அட்டையாக்கி, வட்டமாக வெட்டி, உலோகக் காசைப் போலவே அச்சால் அழுத்தினர். ஐரோப்பாவின் மிகப் பழைய தாட்பணம் என்று இதனைச் சுட்டுவோர் உளர். தாளுக்குத் தனக்கென விலை ஏது? நகர மன்றத்தின் சொல் ஒன்றே அதன் மதிப்பு. பின்னர் வெள்ளியிலும் காசுகள் அடிக்கப்பட்டன.

அவற்றில் ஒரு தொடரைப் பற்றி நகருக்குள்ளேயே பூசல் எழுந்தது. இது விடுதலையின் பொருட்டு என்று பொறிக்கப்பட்டிருந்ததைக் கண்ட சமயப் போதகர் ஒருவர், சமயத்தின் பொருட்டு என்றன்றோ இருத்தல் வேண்டும் என்று தேவாலய மேடையிலிருந்தே கண்டித்தார். நகர மன்றத்தார் விடுதலை என்னும் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. எதற்காகப் பட்டினி கிடக்கிறோம் என்னும் கேள்விக்கு மதிலுக்குள் ஒரே விடை இருக்கவில்லை. சிறு காசின் விளிம்பில் இடம்பெற்ற ஒரு சொல்லுக்காக அவர்கள் வாதிட்டது வீண் வாதம் அன்று.

லெய்டன் முற்றுகை 1573 இறுதியில் தொடங்கி, இடையில் சிறிது காலம் நீங்கி, 1574 மே மாதம் மீண்டும் இறுகியது. வெளியிலிருந்து புறாக்கள் செய்தி கொண்டுவந்தன. பசியாலும் கொள்ளைநோயாலும் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் இறந்தனர் என்பர். தரைவழியே நகரை மீட்க இயலாது என உணர்ந்த வில்லியம், கடலைத் தடுத்து நின்ற கரைகளை உடைக்கச் செய்தார். வயல்களின்மேல் நீர் பரவியது. தட்டை அடியுடைய கப்பல்கள் வயல்வழியே நகரை நோக்கி நகர்ந்தன. காற்று திசைமாறி நீர்மட்டம் உயர்ந்ததும் ஸ்பானியர் பின்வாங்கினர். அக்டோபர் 3 அன்று கப்பல்கள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் கொண்டுவந்தன. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் லெய்டன் மக்கள் அவற்றை உண்டு மகிழ்கின்றனர். வெள்ளத்தில் மூழ்கிய வயல்களின் உழவர்கள் அவ்வாண்டு என்ன உண்டனர் என்பதும் கேட்கத் தக்கதே.

மறு ஆண்டு பிப்ரவரி 8 அன்று லெய்டனில் பல்கலைக்கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அதனை நிறுவியவர் வில்லியம். ஆனால் நிறுவனப் பட்டயம் எழுதப்பட்டதோ பிலிப் மன்னரின் பெயரில்! மன்னரை எதிர்க்கவில்லை, அவருடைய தீய அலுவலர்களையே எதிர்க்கிறோம் என்னும் நிலைப்பாட்டைக் கிளர்ச்சியாளர் சட்டப்படி இன்னும் கைவிடவில்லை.

காசுகள் அதற்கு முன்பே நகர்ந்துவிட்டன. 1575இல் ஹாலந்து மாநிலம் புதிய வெள்ளிக் காசு ஒன்றை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் சிங்கக் கேடயத்தின் பின் நிற்கும் வீரன். மறுபக்கத்தில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம். மன்னரின் முகம் இல்லை. மாநிலத்தின் பெயர் இருந்தது. இறைவனை நம்புவோர் அசைக்கப்படுவதில்லை என்னும் பொருளில் ஒரு தொடர் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1581 ஜூலை 26 அன்று, மாநிலங்கள் பிலிப்பைத் தம் தலைவராக ஏற்பதில்லை என்று எழுத்தில் அறிவித்தன. காசு சொன்னதை ஆவணம் பின்னரே சொன்னது. ஸ்பெயின் அதனை ஏற்று அமைதி உடன்படிக்கை செய்துகொள்ள 1648 வரை ஆயிற்று.

சிங்கக் காசு வணிகர் கைகளில் கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகள் வரை பரவியது. இன்றும் ருமேனியா நாட்டின் பணத்துக்கு ‘லேயு’ என்று பெயர்; சிங்கம் என்பதே அதன் பொருள். இந்தப் புதிய நாட்டின் வணிகர்கள் 1602இல் அமைத்த கிழக்கிந்தியக் கும்பினி தமிழகக் கடற்கரைக்கும் வந்தது. ஹாலந்து என்னும் பெயர் தமிழ் நாவில் ஒல்லாந்து ஆயிற்று. அந்நாட்டார் ஒல்லாந்தர் ஆயினர். பழவேற்காட்டில் அவர்களுடைய பழைய கல்லறைகளை இன்றும் காணலாம்.

முற்றுகைக் காசுகள் இன்று அரியவை. முற்றுகை நீங்கியபின் அவை திரும்பப் பெறப்பட்டோ, உருக்கப்பட்டோ மறைந்தன. யாரோ ஒருவர் நினைவுக்காகப் பெட்டியில் போட்டு வைத்தவையே பெரும்பாலும் எஞ்சின. அரியவை என்பதால் போலிகளும் பெருகின. பழங்காசு அறிவோர் முதலில் எடை பார்ப்பர்; பின்னர் ஓரங்களைப் பார்ப்பர். கத்தரியால் நறுக்கிய ஓரம் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்த போலியின் ஓரம் மழுங்கியும் மேற்பரப்பு சிறு குழிகளுடனும் தோன்றும். இறுதியாகக் காசைத் திருப்பி வெறுமையான பின்பக்கத்தைக் காண்பர். முன்பக்கத்தில் விழுந்த சுத்தியல் அடியின் தடம் அங்கே மங்கலாகத் தெரியலாம்.

சொற்பொருள்

முற்றுகை – படையால் சூழ்ந்து வழியடைத்தல். அக்கசாலை – காசு அச்சிடும் கூடம். உழிஞை – மதிலை வளைத்துப் போரிடல். நொச்சி – மதிலைக் காத்துப் போரிடல். பட்டயம் – அரசு ஆவணம். கும்பினி – வணிக நிறுவனம். பூசல் – சச்சரவு.

பயிற்சி

1. ஹார்லெம் நகரக் காசுகள் நாற்கோண வடிவில் அமைந்தமைக்குக் காரணம் யாது?

2. மிடில்பர்க், லெய்டன் ஆகிய இரு நகரங்களின் காசுகளில் உள்ள தொடர்களை ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதுக.

3. ‘காசு சொன்னதை ஆவணம் பின்னரே சொன்னது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

4. நாணயம் என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்துத் தனித்தனி வாக்கியங்கள் எழுதுக. உங்கள் வீட்டுப் பெரியோர் இச்சொல்லை எந்தப் பொருளில் மிகுதியாக வழங்குகின்றனர் எனக் கேட்டறிந்து வருக.

5. நீங்கள் வாழும் மாநிலத்தின் பழைய காசு ஒன்றை அருங்காட்சியகத்திலோ படத்திலோ பார்த்து, அதில் யாருடைய பெயரும் உருவமும் உள்ளன, எந்தெந்த எழுத்துகள் உள்ளன என்று தமிழில் எழுதுக.